முழங்கால் என்னும் கைமுதல்: தேய்ந்த குருத்தெலும்பை நுண்துளை வழியே சரிசெய்ய முடியுமா?



நம் தொழிலில் இருப்பவர்களுக்கென்றே சில உபாதைகள் உண்டு. காலை ஆறு மணிக்கு ஷட்டரைத் தூக்குவதில் தொடங்கி இரவு கல்லாவைப் பூட்டும் வரை நிற்பது, குனிவது, குந்துவது, சிப்பத்தை நகர்த்துவது, குடோன் படி ஏறி இறங்குவது என்று நாள் முழுவதும் வேலை செய்வது நம் முழங்கால்தான். கணக்கில் வராத வேலையாள் அது. அதற்குச் சம்பளமும் இல்லை, விடுமுறையும் இல்லை. ஐம்பது வயது கடந்ததும் ஒரு நாள் அது கணக்குக் கேட்க ஆரம்பிக்கிறது.

சென்ற ஆண்டு பொங்கல் கழிந்து காவேரிப்பாக்கத்தில் நண்பர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் ஜமக்காளத்தில் அமர்ந்திருந்தோம். கூட்டம் முடிந்து எழுந்தபோது பத்தில் ஏழு பேர் தரையில் கையூன்றித்தான் எழுந்தோம். அப்போது அரிசி மண்டி வைத்திருக்கும் நண்பர் ஒருவர் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டறிக்கையை எடுத்துக் காட்டினார். அவருக்கு வயது 61. இரண்டு முழங்காலும் பல ஆண்டுகளாக வலி. 'கத்தி இல்லை, மாற்று மூட்டு இல்லை, சிறு துளை வழியே குருத்தெலும்பு வளர்ப்பு' என்ற பொருளில் அதில் அச்சிட்டிருந்தார்கள். மறுநாள் முன்பணம் கட்டுவதாக இருந்தார்.

அவர் ஆசைப்பட்டதற்குக் காரணம் இருந்தது. அவருடைய தங்கை மகன், வயது 27, மண்டியில் கூடவே இருப்பவன். நெடுஞ்சாலையில் இருசக்கர வண்டியிலிருந்து விழுந்து முழங்காலில் அடிபட்டிருந்தான். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்ததில் தொடை எலும்பின் நுனியில் குருத்தெலும்பு ஓர் இடத்தில் பெயர்ந்திருந்தது. துளை வழியே சரிசெய்யலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"பையனுக்குக் குருத்தெலும்பு போச்சுங்கறாங்க, துளை போட்டுச் சரி பண்ணலாம்ங்கறாங்க. எனக்கும் அதே குருத்தெலும்புதானே போயிருக்குது? அவனுக்கு ஆவும்னா எனக்கு ஏன் ஆவாது?" என்று கேட்டார் மண்டிக்காரர்.

நியாயமான கேள்விதான். அங்கிருந்த யாருக்கும் பதில் தெரியவில்லை. முன்பணத்தை ஒரு வாரம் தள்ளிப்போடச் சொல்லிவிட்டு, அவரை அழைத்துக்கொண்டு வேலூருக்குப் போய் எலும்பு மருத்துவர் ஒருவரைப் பார்த்தேன். பிறகு படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டவற்றை நம் உறுப்பினர்கள் அனைவருக்கும் பயன்படும் என்று இங்கே எழுதுகிறேன்.

மறுகொள்முதல் இல்லாத சரக்கு

முழங்காலில் தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சந்திக்கின்றன. இரண்டும் நேரடியாக உரசாதபடி அவற்றின் நுனிகளில் வெள்ளை நிறத்தில் வழவழப்பான ஒரு பூச்சு உண்டு. இளநீரின் வழுக்கையை நினைத்துக்கொள்ளுங்கள். அதைவிட உறுதியானது, அதைப்போலவே வழுக்கக்கூடியது. இதுதான் குருத்தெலும்பு. இதன் கனம் பெரும்பாலான இடங்களில் 2 முதல் 4 மில்லிமீட்டர்தான். இதில் பெரும்பகுதி தண்ணீர். அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் வலைபோன்ற புரத நார்களும், அங்கங்கே சிறிதளவு உயிரணுக்களும் உண்டு.

இதற்கும் எலும்புக்கும் இடையே நீங்கள் அறிந்துகொள்ள வேண்டிய வேறுபாடு ஒன்று இருக்கிறது. குருத்தெலும்பில் இரத்தக் குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. நரம்பு இல்லாததால் அது தேய ஆரம்பிக்கும்போது நமக்குத் தெரிவதில்லை. வலி தெரியும் நேரத்தில் சரக்கு பாதி போயிருக்கும். இரத்த ஓட்டம் இல்லாததால், கை எலும்பு முறிந்தால் கூடுவதுபோல் அது தானாகக் கூடுவதில்லை. 1743-ஆம் ஆண்டிலேயே வில்லியம் ஹண்டர் என்ற மருத்துவர் லண்டனில் இதை எழுதி வைத்தார். புண்பட்ட குருத்தெலும்பு தொல்லை தருவது. ஒருமுறை அழிந்தால் திரும்புவதில்லை என்பது அவர் கண்டது. இருநூற்று எண்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தக் கூற்றை முழுவதுமாக யாரும் மாற்றி எழுதிவிடவில்லை.

நம் பாஷையில் சொன்னால், குருத்தெலும்பு என்பது மறுகொள்முதல் இல்லாத சரக்கு. பிறக்கும்போது கொடுத்த கைமுதல். அதை வைத்துத்தான் கடைசி வரை வியாபாரம் நடத்த வேண்டும்.

இன்னொன்றையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. 'ஜவ்வு கிழிந்துவிட்டது' என்று நாம் பொதுவாகச் சொல்வது வேறு. இரு எலும்புகளுக்கும் நடுவே பிறை வடிவில் இருக்கும் மெத்தை போன்ற வட்டுகளையும், எலும்பை எலும்போடு கட்டும் நாண்களையும் நாம் ஜவ்வு என்றே சொல்லிவிடுகிறோம். இந்தக் கட்டுரை எலும்பு நுனியின் பூச்சைப் பற்றியது. மருத்துவரிடம் போகும்போது 'எந்த ஜவ்வு?' என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

துளையின் கதை

ஒரு காலத்தில் முழங்காலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் மூட்டை அகலமாகத் திறந்தாக வேண்டும். 1918-இல் டோக்கியோவில் கென்ஜி தகாகி என்ற மருத்துவர், சிறுநீர்ப் பையைப் பார்க்கப் பயன்படும் குழாய்க் கருவியை இறந்தவரின் முழங்காலுக்குள் செலுத்திப் பார்த்தார். அவர் வழி வந்த மசாகி வாட்டனபே அந்தக் கருவியைத் திருத்தித் திருத்தி 1950-களின் இறுதியில் '21-ஆம் எண்' என்று பெயர் பெற்ற கருவியை உருவாக்கினார். 1962-இல் அதே துளை வழியே, கிழிந்த வட்டின் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார். 1964-இல் கனடாவின் டொரண்டோ நகரிலிருந்து ஜப்பான் சென்ற ராபர்ட் ஜாக்சன் என்ற மருத்துவர் வாட்டனபேயிடம் இதைக் கற்றுக்கொண்டு அமெரிக்கக் கண்டத்துக்குக் கொண்டு சென்றார். அங்கிருந்து உலகெங்கும் பரவியது.

இன்று இதை ஆர்த்ரோஸ்கோப்பி என்கிறார்கள். ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்கும் இரண்டு மூன்று துளைகள். ஒன்றின் வழியே பென்சிலைவிட மெல்லிய, சுமார் 4 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள குழாய் உள்ளே போகும். அதன் வழியே தெரியும் காட்சி டி.வி. திரையில் விழும். மற்றத் துளை வழியே சிறு கருவிகளை நுழைத்து வேலை செய்கிறார்கள். தசையை அறுப்பதில்லை. பெரும்பாலும் அன்றோ மறுநாளோ வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

துளை சிறியது என்பதால் வேலை சிறியது என்று எண்ணிவிடக் கூடாது. உள்ளே போனபின் என்ன செய்கிறார்கள் என்பதே முக்கியம்.

உள்ளே என்னென்ன செய்கிறார்கள்?

முதல் முறை, எலும்பில் நுண்ணிய ஓட்டைகள் போடுவது. பெயர்ந்த இடத்தைச் சுத்தம் செய்து, அடியில் உள்ள எலும்பில் கூரான கருவியால் 3 அல்லது 4 மில்லிமீட்டர் இடைவெளியில் சிறு ஓட்டைகள் குத்துவார்கள். எலும்பு மஜ்ஜையிலிருந்து இரத்தம் கசிந்து அந்தக் குழியில் உறையும். அந்த உறைவில் உள்ள அணுக்கள் மெல்ல மெல்லப் புதுப் பூச்சாக மாறும். எலும்பைத் துளையிடும் முறையை இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர மருத்துவர் பிரைடி 1959-இல் வெளியிட்டார். அமெரிக்காவின் ரிச்சர்ட் ஸ்டெட்மன் 1980-களில் அதை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். செலவு குறைவு, ஒரே தடவையில் முடியும். குறை என்னவென்றால், வளர்வது அசல் சரக்கு இல்லை. தழும்பு போன்ற நார்க் குருத்தெலும்புதான் வளரும். சில ஆண்டுகள் நன்றாக உழைத்துவிட்டுப் பிறகு பலருக்கு அது தளர்கிறது. குழி சிறியதாகவும் வயது நாற்பதுக்குள்ளாகவும் இருந்தால் பலன் அதிகம். சிறியது என்றால் சுமார் 2 சதுர சென்டிமீட்டர். பழைய எவர்சில்வர் பத்துக் காசு நாணயம் நினைவிருக்கிறதா? ஏறத்தாழ அந்த அளவு.

இரண்டாவது முறை, ஒட்டுப் போடுவது. பாரம் அதிகம் விழாத ஓரத்திலிருந்து குருத்தெலும்பும் அடி எலும்புமாகச் சிறு உருளைகளை எடுத்து, பாரம் விழும் இடத்தில் உள்ள குழியில் பக்கம் பக்கமாகப் பதிப்பார்கள். மொசைக் தரை போடுவதுபோல் இருப்பதால் மொசைக் முறை என்றே பெயர். ஹங்கேரி நாட்டின் லாஸ்லோ ஹங்கோடி 1992-இல் இதைச் செய்யத் தொடங்கினார். பதிப்பது அசல் சரக்கு. ஆனால் ஒரு அறையிலிருந்து ஓடு பிரித்து இன்னொரு அறைக்குப் போடுவதுபோல் என்பதால் பெரிய குழிக்கு ஆகாது.

மூன்றாவது முறை, அணுக்களை வெளியே வளர்த்து உள்ளே நடுவது. நாற்றங்காலில் நாற்று விட்டுப் பிறகு வயலில் நடுகிறோமே, அதே வழி. முதலில் துளை வழியே கடுகளவு, மிளகளவில் குருத்தெலும்புத் துணுக்குகளை எடுப்பார்கள். ஆய்வுக்கூடத்தில் சில வாரங்கள் வைத்து அணுக்களைப் பெருக்குவார்கள். பிறகு மறுபடி மூட்டைத் திறந்து குழியில் நிரப்புவார்கள். சுவீடன் நாட்டின் கோத்தன்பர்க் நகரில் லார்ஸ் பீட்டர்சன், மாட்ஸ் பிரிட்பர்க் குழுவினர் 1987-இல் முதல் நோயாளிக்கு இதைச் செய்தனர். 23 பேருக்குச் செய்த விவரத்தை 1994-இல் வெளியிட்டபோது உலகமே திரும்பிப் பார்த்தது. இதில் இரண்டு தடவை மேஜைக்குப் போக வேண்டும். இரண்டாவது தடவை முழுக்கத் துளை வழியே முடியும் என்று சொல்ல முடியாது. இடத்தைப் பொறுத்துச் சிறிய திறப்பு தேவைப்படலாம். செலவு மற்ற இரண்டையும்விடப் பல மடங்கு. நம் நாட்டில் நோயாளியின் சொந்த அணுக்களை வளர்த்துத் தரும் இத்தகைய தயாரிப்புக்கு 2017-இல் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதி கிடைத்தது.

ஏரிக்கரையில் வளையா? ஏரியே தூர்ந்ததா?

இப்போது மண்டிக்காரரின் கேள்விக்கு வருவோம். வேலூர் மருத்துவர் அவருடைய எக்ஸ்ரேயை விளக்குப் பலகையில் மாட்டிவிட்டு இப்படிக் கேட்டார்:

"ஐயா, உங்க ஊர்ல பெரிய ஏரி இருக்குதில்ல? கரையில நண்டு வளை போட்டு தண்ணி கசிஞ்சா என்ன செய்வீங்க?"

"களிமண்ணை மிதிச்சு அடைப்போம் டாக்டர்."

"ஏரியே தூர்ந்து மேடாயிடுச்சுன்னா?"

"அதுக்கு வளையை அடைச்சு என்ன புண்ணியம்?"

"பையன் முட்டியில இருக்கறது வளை. உங்க முட்டியில இருக்கறது தூர்ந்த ஏரி."

இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. மேலே சொன்ன மூன்று முறைகளும் வளையை அடைக்கும் முறைகள். சுற்றிலும் நல்ல குருத்தெலும்பு இருக்க வேண்டும், நடுவில் மட்டும் அடிபட்டோ பெயர்ந்தோ குழி விழுந்திருக்க வேண்டும், கால் வளையாமல் நேராக இருக்க வேண்டும், நாண்கள் உறுதியாக இருக்க வேண்டும். அப்போதுதான் போட்ட ஒட்டு நிற்கும். வயதாலும் பாரத்தாலும் மூட்டு முழுவதும் தேய்ந்தவர்களுக்கு ஒட்டுப் போட ஓரமே இருப்பதில்லை.

'சரி, ஒட்டுப் போட வேண்டாம், துளை வழியே கழுவிச் சுத்தம் செய்தாலாவது வலி குறையாதா?' என்று அடுத்த கேள்வி வரும். ஒரு காலத்தில் உலகெங்கும் அப்படித்தான் செய்துவந்தார்கள். 2002-இல் அமெரிக்காவில் புரூஸ் மோஸ்லி என்ற மருத்துவர் குழுவினர் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். தேய்மான வலியுள்ள 180 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு மூட்டைக் கழுவினார்கள், இன்னொரு பிரிவுக்குச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள், மூன்றாவது பிரிவுக்குத் தோலில் மட்டும் கீறித் தையல் போட்டு அனுப்பிவிட்டார்கள். யாருக்கு எது என்று நோயாளிகளுக்குத் தெரியாது. இரண்டு ஆண்டுகள் கவனித்ததில் மூன்று பிரிவுக்கும் வித்தியாசமே இல்லை. 2013-இல் பின்லாந்தில் 146 பேரிடம், தேய்மானத்தால் கிழிந்த வட்டை வெட்டுவது பற்றி இதேபோன்ற சோதனை நடந்தது. முடிவும் அதேதான். 2017-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான வழிகாட்டுதல், தேய்மான முழங்காலுக்கு அநேகமாக எவருக்குமே இந்தத் துளைச் சிகிச்சை வேண்டாம் என்று உறுதியாகக் கூறிவிட்டது.

எம்.ஆர்.ஐ. அறிக்கையைப் பார்த்தும் பதற வேண்டாம். அமெரிக்காவில் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட 991 பேரின் முழங்கால்களைப் படம் எடுத்து 2008-இல் வெளியிட்ட ஆய்வில், வட்டு கிழிந்திருந்தவர்களில் 61 சதவீதத்தினருக்கு அதற்கு முந்தைய மாதம் வலியே இருக்கவில்லை. முடி நரைப்பதுபோல் சில கிழிசல்கள் வயதோடு வருபவை. வைத்தியம் மனிதருக்குத்தான், படத்துக்கு இல்லை.

ஊசி விளம்பரங்கள் பற்றி

துண்டறிக்கையில் கடைசி வரியில் ஊசிகளைப் பற்றியும் போட்டிருந்தார்கள். அதையும் விசாரித்தோம்.

நம் இரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, தட்டணுக்கள் மிகுந்த பகுதியை மூட்டில் செலுத்தும் ஊசி இப்போது ஊரெங்கும் பிரபலம். 2021-இல் ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் இதையும் வெறும் உப்புநீர் ஊசியையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஓராண்டு முடிவில் வலியிலும் சரி, குருத்தெலும்பின் அளவிலும் சரி, குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியைத் தணிக்கும். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒன்றாக இரண்டு ஆண்டுகள் போட்டுவந்தவர்களுக்கு, உப்புநீர் ஊசி போட்டுக்கொண்டவர்களைவிடக் குருத்தெலும்பு அதிகமாகக் குறைந்தது என்று 2017-இல் 140 பேரிடம் நடந்த ஆய்வு காட்டியது. சர்க்கரை வியாதி உள்ள நம் உறுப்பினர்கள் ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில நாட்களுக்குச் சர்க்கரை ஏறும் என்பதையும் மறக்கக் கூடாது.

ஸ்டெம் செல் என்ற பெயரில் வரும் ஊசிகளில் மிகுந்த எச்சரிக்கை தேவை. முழங்கால் தேய்மானத்துக்காக அத்தகைய தயாரிப்பு ஒன்று 2022-இல் நம் நாட்டில் முறைப்படி அனுமதி பெற்றது உண்மை. ஆனால் அனுமதி பெற்றது வேறு, அந்தப் பெயரைச் சொல்லித் தெருமுனையில் போடுவது வேறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலின்படி, நிரூபிக்கப்படாத ஸ்டெம் செல் சிகிச்சையை முறையான ஆய்வுக்கு வெளியே கட்டணம் வாங்கிக்கொண்டு செய்யக் கூடாது. லேபிள் இல்லாத டின்னை நாம் கொள்முதல் செய்வோமா? மருந்தின் பெயர், உரிம எண், எந்த நோய்க்கு அனுமதி என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். தரத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

நம் பக்கத்தின் பெருமை

இந்த விஷயத்தில் நாம் பெருமைப்படவும் காரணம் இருக்கிறது. 1900-இல் ஒற்றைப் படுக்கையுடன் ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரில் தொடங்கிய மருத்துவமனை இன்று சி.எம்.சி. என்று உலகம் அறிந்த நிறுவனம். அங்கே 1946-இல் வந்து சேர்ந்த பால் பிராண்ட் என்ற மருத்துவர், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நாண் மாற்றி நிமிர்த்தும் சிகிச்சையை உலகுக்குக் கற்றுக்கொடுத்தார். உணர்ச்சி இழந்த பாதத்தில் புண் வருவது ஒரே இடத்தில் விழும் அழுத்தத்தால்தான் என்று கண்டு, வேலூரிலும் அடுத்துள்ள கரிகிரியிலும் மைக்ரோசெல்லுலர் ரப்பர் செருப்புகளைப் பரப்பியதில் அவருக்கும் அவர் கூட்டாளிகளுக்கும் பெரும் பங்கு உண்டு. நம் காலணி வியாபாரிகள் இன்று எம்.சி.ஆர். செருப்பு என்று விற்பது அதுதான். மெத்தென்ற ஒரு அடுக்கு, பாரத்தை ஒரே புள்ளியில் விழவிடாமல் பரப்பிவிடுகிறது. குருத்தெலும்பு செய்வதும் இதே வேலைதான். தோலும் காலணியுமாகப் பிழைக்கும் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி மக்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை.

சி.எம்.சி.யோடு இணைந்து மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை ஆதரவில் வேலூர் பாகாயத்தில் ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையம் ஒன்று இயங்குகிறது. குழந்தைகளின் எலும்பு வளர்ச்சிக்குக் காரணமான குருத்தெலும்பு சிதைந்தால் கால் கோணலாகவோ குட்டையாகவோ வளரும். அதை ஆய்வுக்கூடத்தில் வளர்த்த அணுக்களால் சரிசெய்யும் முயற்சியில் அங்குள்ள குழந்தைகள் எலும்பு மருத்துவக் குழுவினர் நெடுங்காலமாக உழைத்துவந்திருக்கிறார்கள். 2022 முதல் ராணிப்பேட்டை அருகே சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையிலேயே சி.எம்.சி.யின் புதிய வளாகம் விபத்துச் சிகிச்சை வசதியோடு செயல்படுகிறது. காவேரிப்பாக்கத்திலிருந்து வாலாஜா தாண்டினால் எட்டிவிடும் தூரம். விபத்தில் முழங்கால் அடிபட்டால் கட்டுக்கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருக்க இனிக் காரணம் இல்லை.

செலவுக் கணக்கும் ஓய்வுக் கணக்கும்

வியாபாரி செலவைக் கேட்காமல் எழுந்திருக்க மாட்டான். ஆனால் துளைச் சிகிச்சையில் ஆஸ்பத்திரி பில்லைவிடப் பெரிய செலவு ஓய்வுதான். நுண் ஓட்டை போட்டபின் பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரம் அந்தக் காலில் பாரம் விழக் கூடாது. கட்டைக்கோல் துணையோடுதான் நடமாட்டம். தினமும் மூட்டை மெதுவாக மடக்கி நீட்டும் பயிற்சி உண்டு. முளைவிட்ட பயிரை மிதிக்கக் கூடாது என்பதுபோல் இது. பளு தூக்க, ஓட, குதிக்கப் பல மாதங்கள் ஆகும். சிகிச்சை நன்றாக நடந்தும் பலன் கெட்டுப்போக முக்கியக் காரணங்களில் ஒன்று இந்த ஓய்வைப் பாதியில் முறிப்பதாகும். தீபாவளிச் சீசனுக்கு ஒரு மாதம் முன்பு இதைச் செய்துகொண்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கல்லாவில் யார் உட்காருவார், கொள்முதலுக்கு யார் போவார் என்று முடிவு செய்துவிட்டுத் தேதி வாங்குங்கள்.

முற்றிலும் தேய்ந்து, இரவில் தூக்கம் இல்லாமல், நூறடி நடக்க முடியாமல் போனவர்களுக்கு மூட்டு மாற்று அறுவை உண்டு. அதைக் கண்டு அஞ்சுவதும் தவறு. 2017 ஆகஸ்டில் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் செயற்கை முழங்கால் மூட்டுக்கு உச்சவரம்பு விதித்தது. அப்போது பரவலாகப் பயன்படும் கோபால்ட் குரோமிய மூட்டுக்கு 54,720 ரூபாய் என்று நிர்ணயமானது, வரி தனி. விலை அவ்வப்போது திருத்தப்படுவதால் நடப்பு விலையைக் கேட்டு, மூட்டுக்கு எவ்வளவு, மருத்துவமனைக்கு எவ்வளவு என்று பில்லைப் பிரித்து வாங்குங்கள். முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்ட அட்டை உள்ள சிறு வியாபாரிகளும் நம் கடை ஊழியர்களும், தங்கள் சிகிச்சை அதில் அடங்குமா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்னதாகவே விசாரிக்க வேண்டும்.

கடையில் இன்றே செய்யக்கூடியவை

1. எடையைக் குறையுங்கள். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மீதான பாரம் நான்கு கிலோ குறைகிறது என்று 2005-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. ஒன்றுக்கு நாலு என்று லாபம் தரும் வியாபாரம் வேறு எது?

2. தொடைத் தசையைப் பலப்படுத்துங்கள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, பத்து எண்ணும் வரை வைத்து இறக்குங்கள். காலுக்குப் பத்து முறை, காலை மாலை. கூட்டம் இல்லாத மத்தியான நேரத்தில் கல்லாவிலேயே செய்யலாம்.

3. கல்லாவுக்கு உயரமான ஸ்டூல் போடுங்கள். குந்தி எடுக்க வேண்டிய கீழ்த்தட்டில் மெதுவாக ஓடும் சரக்கை வையுங்கள். வேகமாக ஓடும் சரக்கு இடுப்பு உயரத்தில் இருக்கட்டும்.

4. 26 கிலோ சிப்பமானாலும் உடம்போடு ஒட்டித் தூக்குங்கள், தூக்கியபடி காலைத் திருப்பாதீர்கள். கைவண்டி ஒன்று வாங்கினால் உங்களுக்கும் லோடுமேன்களுக்கும் புண்ணியம். தேய்வது நம் முழங்கால் மட்டுமா? நமக்காக மூட்டை சுமப்பவரின் முழங்காலும்தான்.

5. மூட்டு திடீரென்று வீங்கினால், மடக்கிய கால் நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டால், காய்ச்சலோடு மூட்டு சூடாகச் சிவந்தால் தைலம் தேய்த்துக்கொண்டிருக்காமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

முடிவாக

மண்டிக்காரர் முன்பணம் கட்டவில்லை. அந்தத் தொகையில் மண்டிக்கு இரண்டு கைவண்டிகளும் தனக்கு ஓர் உயர ஸ்டூலும் வாங்கினார். காலையில் ஏரிக்கரையில் நடக்கிறார். ஓராண்டில் ஏழு கிலோ குறைந்திருக்கிறார். வலி போய்விட்டதா என்று கேட்டால், "போவல; ஆனா என்னைக் கேட்டுக்கினு வருது" என்கிறார். என்றாவது மூட்டு மாற்ற வேண்டி வரலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதற்கும் அவர் தயார்.

தங்கை மகனுக்கு நுண்துளைச் சிகிச்சை நடந்தது. குழி, அந்தப் பழைய பத்துக் காசைவிடச் சற்றுச் சிறியது. மூன்றாவது வாரமே, "மாமா, வலியே இல்ல, கடைக்கு வரட்டுமா?" என்று கேட்டான். எட்டு வாரம் முடியும் வரை மண்டிப் படியை மிதிக்கக் கூடாது என்று மாமா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்த எட்டு வாரமும் மண்டியைத் தன் தேய்ந்த முழங்காலோடு தனியாகப் பார்த்துக்கொண்டார். "என் முதல் போயிட்டுது. அவன் முதலாவது நிக்கட்டும்" என்றார். இன்று அவன் நன்றாக நடக்கிறான். மூட்டை தூக்க மட்டும் இன்னும் விடுவதில்லை.

வணிக நண்பர்களே, நாம் நாலணா தக்காளியையும் அழுத்திப் பார்த்து வாங்கிப் பழகியவர்கள். உடம்புக்கென்று வரும்போது மட்டும் துண்டறிக்கையை நம்பிவிடுகிறோம். அடுத்த முறை யாராவது துளை வழியே குருத்தெலும்பை வளர்த்துத் தருகிறேன் என்றால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'என் முழங்காலில் இருப்பது வளையா, தூர்ந்த ஏரியா?' நேர்மையான மருத்துவர் பதில் சொல்வார். கைமுதல் இருக்கும்போதே அதைக் காப்பாற்றிக்கொள்வோம்.